விளையாட்டு அறைக்கு மரவேலை: முதலில் அளக்க வேண்டியது மரத்தை அல்ல

விளையாட்டு அறைக்கு மேசையும் அலமாரியும் செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயில் வரும் முதல் கேள்வி ‘என்ன மரம்?’ என்பதுதான். தேக்கா, பிளைவுட்டா, வேறு ஏதாவதா என்று பேச்சு அங்கேயே சுற்றும். உண்மையில் அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. அந்த அறையில் என்ன விளையாடப் போகிறீர்கள், எத்தனை பேர், உட்கார்ந்தா நின்றா, ஆடி முடித்த பிறகு சாமான்கள் எங்கே போகும் என்பதெல்லாம் அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மேசை யாரோ ஒரு சராசரி மனிதருக்காகச் செய்யப்பட்டது. அளவெடுத்துச் செய்யும்போது அந்த மனிதர் யார் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அளக்காமல் விட்டால், இத்தனை பாடுபட்டுச் சராசரியையே மறுபடி செய்கிறோம் என்றுதான் பொருள்.

வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தன் காலில் நிற்கும் சாமான்: மேசை, நாற்காலி, பெஞ்சு. தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோகலாம். மற்றொன்று, சுவரோடு சேர்த்துச் செய்யும் அலமாரி, ஜன்னலடி இருக்கை போன்றவை. இவை வீட்டின் பகுதியாகவே ஆகிவிடும்; கழற்றினால் சுவரில் தழும்பு நிற்கும். முதல் வகைக்கு மனித உடம்பு அளவுகோல். இரண்டாவதற்குச் சுவரும் தரையும் அளவுகோல். அவை ஒருபோதும் நேராக இருப்பதில்லை என்பதில்தான் பாதி வேலையே அடங்கியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விளையாட்டே அளவைச் சொல்லும்

கேரமையும் சதுரங்கத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் உட்கார்ந்து ஆடுபவை, இரண்டு பலகையும் சதுரம். ஒரே மேசையில் இரண்டையும் ஆடிவிடலாம் என்றுதான் தோன்றும். கேரம் போட்டி விதிகளின்படி ஆடுதளம் 73.5 முதல் 74 செ.மீ. வரை உள்ள சதுரம். பலகையைத் தாங்கும் ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ. சதுரங்கப் போட்டி மேசையோ 74 செ.மீ. இந்த வித்தியாசம் யாரோ மனம்போன போக்கில் வைத்தது அல்ல. கேரமில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் கை மேலிருந்து இறங்க வேண்டும். எழுந்து நின்று அடிக்கக் கூடாது என்பதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்ப்பக்கக் குழிவரை கண் ஓட வேண்டும். பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஆடினால் தோள் தூக்கிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். பழியை நாற்காலிமேல் போடுவோம். சதுரங்கத்தில் நிலைமை தலைகீழ். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு யோசிப்பதுதான் பாதி ஆட்டம், அதற்கு உயரம் வேண்டும்.

ஆகவே இரண்டையும் விரும்பும் வீட்டில் உயரம் மாறும் ஒரே மேசைக்காக மூளையைக் கசக்குவதைவிட, கேரமுக்குத் தனியாக மடக்கு ஸ்டாண்டு ஒன்றைச் செய்து அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்துவைக்க ஓர் இடுக்கை ஒதுக்குவது புத்திசாலித்தனம். அந்த இடுக்கு கேரம் பலகையின் வெளி அளவுக்கு இருக்க வேண்டும். சட்டம் பக்கத்துக்கு 6.35 முதல் 7.6 செ.மீ. வரை அகலம் கொண்டது. ஆடுதளத்தோடு சேர்த்தால் 90 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். 74 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 80 செ.மீ. இடுக்கு விட்டவர்கள் உண்டு.

கோல் கொண்டு ஆடும் ஆட்டங்களில் கணக்கு இன்னும் கறார். எட்டடி பூல் மேசையின் ஆடுதளம் ஏறத்தாழ 224க்கு 112 செ.மீ. கோலின் நீளம் 147 செ.மீ. விளிம்பை ஒட்டி நிற்கும் பந்தை அடிக்கும்போது கோல் முழுவதும் மேசைக்கு வெளியே இருக்கும். நான்கு பக்கமும் அந்த நீளத்தைச் சேர்த்தால் 518க்கு 406 செ.மீ.; கையைப் பின்னால் இழுக்கப் பக்கத்துக்கு இன்னும் 15 செ.மீ. வேண்டும். இப்படிப்பட்ட அறையில் சுவரோரமாக 40 செ.மீ. ஆழத்துக்கு அலமாரி வைத்தால், அந்தப் பக்கம் ஆட்டம் முடிந்தது. பூல் மேசையையே வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டாம். நல்ல மேசையின் தளம் கற்பலகை. மொத்த எடை 300 கிலோவைத் தாண்டும். அந்தத் தளத்தை மட்டமாக உட்கார வைப்பது தனித் தொழில். கோல்களைச் செங்குத்தாக நிறுத்தும் தாங்கியைச் செய்யுங்கள். அதிலேயே கைவண்ணத்தைக் காட்ட நிறைய இடம் இருக்கிறது.

டார்ட் பலகையில் ஒரு சின்னப் பொறி உண்டு. அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எறிபவர் நிற்கும் கோடு 237 செ.மீ. தூரத்தில். இந்தத் தூரம் பலகையின் முகத்திலிருந்து, சுவரிலிருந்து அல்ல. கதவு வைத்த பெட்டிக்குள் பலகையைப் பொருத்தினால் முகம் சில செ.மீ. முன்னே வந்துவிடும். அந்த அளவுக்குக் கோட்டையும் தள்ளிப் போட வேண்டும்.

எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, மேசை அளவுக்கு வெட்டித் தரையில் விரியுங்கள். அலமாரி வரும் இடத்தில் பெட்டிகளை அடுக்கி வையுங்கள். நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள். நாற்காலியைப் பின்னால் நகர்த்தி எழுந்து வர மேசை விளிம்பிலிருந்து குறைந்தது 75 செ.மீ. வேண்டும், பின்னால் ஒருவர் நடந்து போகவும் வேண்டுமென்றால் 90க்கு மேல். இரண்டு மூன்று நாள் அந்த அட்டை தரையில் கிடக்கட்டும். அதன் எந்த மூலையை நீங்கள் மிதித்துக்கொண்டே இருக்கிறீர்களோ, அந்த மூலையில் மேசை இருந்திருந்தால் இடுப்பில் இடித்திருக்கும்.

குழிவு மேசை

பலகை விளையாட்டில் பித்துப் பிடித்தவர்கள் கனவு காண்பது குழிவு மேசையைத்தான். வெளிப்பார்வைக்குச் சாதாரண மேசை. மேலே உள்ள மூடிப் பலகைகளை எடுத்தால், உள்ளே சில செ.மீ. ஆழத்தில் மெத்தென்ற விரிப்பு போட்ட ஆடுதளம். பகடை உருண்டு கட்டிலுக்கடியில் போகாது. ஆட்டம் பாதியில் நிற்கும்போது இரவாகிவிட்டால், காய்களைக் கலைக்காமல் மூடிவிட்டு மறுநாள் தொடரலாம்.

இதில் புதியவர்கள் கோட்டைவிடும் இடம் தொடை. ஆம், தொடைதான். மேசையின் மேல்மட்டம் 76 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூடிப் பலகைக்கு 2 செ.மீ., குழிவுக்கு 7.5, அடித்தள பிளைவுட்டுக்கு 1.2. கூட்டினால் 10.7. மேசைக்கடியில் மிஞ்சுவது 65.3 செ.மீ. நாற்காலியின் இருக்கை 45 என்றால், அதற்கு மேல் தொடைக்கு 16 முதல் 18 செ.மீ. இடம் வேண்டும், அதாவது 61 முதல் 63 வரை. இரண்டு செ.மீ. மிச்சம் இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில், தளம் தொய்யாமல் இருக்க அடியில் 4 செ.மீ. தாங்கு சட்டங்களை அடித்துவிடுவோம். இடைவெளி 61.3க்கு இறங்கிவிடும். ஒல்லியானவர்கள் தப்பிப்பார்கள். மற்றவர்கள் மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, குனிந்து ஆடுவார்கள். காரணம் அவர்களுக்கே தெரியாது.

மேசையை உயர்த்திவிடலாம் என்றால் முழங்கை தூக்கிக்கொள்ளும். நான் குழிவின் ஆழத்தைக் குறைக்கச் சொல்வேன். 5 செ.மீ. ஆழமே பகடையைத் தடுக்கப் போதும். ஆழம் கூடக் கூட, எதிரே வைத்த சீட்டைப் படிக்க எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அடித்தளத்தைத் தாங்கும் சட்டத்தையும் விளிம்போரமாக ஓட்டாமல் மேசையின் நடுவில் நீளவாக்கில் ஒன்றாகக் கொடுங்கள். முழங்கால் அதுவரை போவதில்லை.

அகலத்துக்கு ஓர் எளிய விதி. உட்கார்ந்தவர் சிரமமில்லாமல் கை நீட்டி எட்டுவது ஏறத்தாழ 60 செ.மீ. விளிம்புச் சட்டம் 12 செ.மீ. அகலம் என்றால், குழிவுக்குள் எட்டுவது 48 மட்டுமே. எதிரெதிரே இருவர், ஆகக் குழிவின் அகலம் 96. அதைத் தாண்டினால் நடுவில் யாருக்கும் எட்டாத ஒரு தீவு உருவாகிவிடும். சீட்டுக்கட்டு எப்போதும் அங்கேதான் போய்ச் சேரும். நீளத்தில் ஆளுக்கு 60 செ.மீ. கணக்கு. பக்கத்துக்கு மூவர் என்றால் 180. மேசைக்கால்கள் அந்த நீளத்துக்குள் வராமல் மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும்.

விளிம்புச் சட்டத்தில் வட்டத் துளை போட்டுக் கோப்பை வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரே அளவுக் கோப்பைதான் அதில் நிற்கும். தூசியும் கசடும் அங்கே தங்கும். மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வேண்டாதபோது உருவி எடுக்கும் சிறு தட்டு போதும். தட்டிவிட்டாலும் தரையில்தான் சிந்தும், ஆட்டத்தின்மேல் அல்ல.

மரம் சும்மா இருப்பதில்லை

இப்போது ‘என்ன மரம்?’ என்ற கேள்விக்கு வரலாம். மழைக்காலத்தில் கதவு இறுக்கிக்கொண்டு, வெயில் காலத்தில் தளர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அறுத்து, உலர்த்தி, இழைத்து, மெருகேற்றிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும், விரியும், சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. குறுக்குவாக்கில்தான் கூத்தெல்லாம். தேக்கு அடக்கமான மரம் என்று பெயர் பெற்றது. அந்தத் தேக்குப் பலகைகளை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மேசைத்தளம் செய்தால், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி மாறும்போது அகலம் ஏழு மி.மீ. வரை மாறக்கூடும். பலகை எந்த வாக்கில் அறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இது பாதியாகவும் குறையலாம். ஓக் போன்ற மரங்களில் இதைவிட அதிகம்.

ஏழு மி.மீ. சின்ன எண்தான். ஆனால் மரத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. மேசைத்தளத்தைச் சுற்றிலும் திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், சுருங்க வழியில்லாமல் தளம் நடுவில் பிளக்கும். அல்லது சட்டம் விலகும். அதனால்தான் பழைய ஆசாரிகள் தளத்தைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுவதில்லை. சட்டத்தின் உட்புறம் ஒரு பள்ளம் கீறி, அதில் நாக்கு நுழைந்து நகரும்படி சிறு மரத்துண்டுகளைத் தளத்தின் அடியில் திருகிவிடுவார்கள். தளம் மேலே எழும்பாது, பக்கவாட்டில் மட்டும் நகரும். இப்போது அதே வேலையைச் செய்ய இசட் வடிவ உலோகத் தகடுகள் கிடைக்கின்றன. திருகாணியே போட வேண்டுமென்றால், துளையை வட்டமாக இல்லாமல் நகர்வின் திசையில் நீளமாகப் போடுங்கள். மெருகு பூசும்போதும் தளத்தின் மேல்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால், மறுபக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை தட்டுபோல் வளையும்.

பிளைவுட் இந்தத் தொல்லைக்குக் கண்டுபிடித்த விடை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் நாருக்கு மற்றொன்றின் நார் குறுக்கே வருமாறு ஒட்டுகிறார்கள். ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். இருபுறமும் சமநிலை இருக்க வேண்டும் என்பதால் பொதுவாக 3, 5, 7 என ஒற்றைப்படையில் அடுக்குகள். அலமாரிப் பெட்டிக்கும் குழிவு மேசையின் அடித்தளத்துக்கும் மூடிப் பலகைகளுக்கும் நான் யோசிக்காமல் பிளைவுட்டைச் சொல்வேன். கை படும் விளிம்புச் சட்டத்துக்கும் கால்களுக்கும் நல்ல மரம். மேசை முழுவதும் மரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் புதியவருக்குத் தேவையில்லை.

இதையெல்லாம் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ள ஒரு சின்ன வேலை சொல்கிறேன்: சதுரங்கப் பலகை. 64 சதுரங்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவார்கள் என்று நினைத்தால் தலை சுற்றும். அப்படி யாரும் செய்வதில்லை. 5.5 செ.மீ. அகலத்தில் நான்கு கறுத்த பட்டைகள், நான்கு வெளுத்த பட்டைகள். மாறி மாறி வைத்துப் பசையிட்டு ஒரே பலகையாக்குங்கள். காய்ந்ததும் அதைக் குறுக்கே, மறுபடி 5.5 செ.மீ. அகலத்தில், எட்டுத் துண்டுகளாக அறுங்கள். ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் தலைமாற்றி வைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வந்துவிடும். மீண்டும் பசை. பலகை தானாகத் தோன்றும். எட்டுத் துண்டுக்கு 44 செ.மீ. போதாது, ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் 3 மி.மீ. தின்னும். முதல் பட்டைகளை 48 செ.மீ. நீளத்தில் எடுங்கள். பட்டைக்கு அரை மி.மீ. பிசகினால் எட்டாவது பட்டையில் 4 மி.மீ. பிசகு நிற்கும், மூலைகள் ஒன்றுக்கொன்று முத்தமிடாமல் விலகும். அந்த விலகலைப் பார்த்த கண், பிறகு எந்த வேலையிலும் அளவில் அலட்சியம் காட்டாது. முடிந்த பலகையைச் சுற்றிச் சட்டம் போடும்போது பசையிட்டு அடைக்க வேண்டாம். நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் இதுவும் அகலவாக்கில் இரண்டு மூன்று மி.மீ. மூச்சு விடும். சட்டத்தில் பள்ளம் எடுத்து அதற்குள் தளர்வாக நிற்க விடுங்கள்.

தட்டு தொய்யும் கணக்கு

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் மிகப் பரவலான வடிவம் 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான சதுரம். பிளைவுட் தாளோ 244க்கு 122 செ.மீ. அகலத்தை 30 செ.மீ. பட்டைகளாகப் பிரித்தால் நான்கு கிடைக்கும். மூன்று அறுப்புக்கு 9 மி.மீ. போனாலும் இடம் மிஞ்சும். கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று 31 என்று குறித்தீர்களானால் மூன்றுதான் கிடைக்கும். நான்காவது கால் தாள் வீண். எனவே கதவில்லாத அலமாரி என்றால் ஆழம் 30, முதுகுப் பலகை பின்னாலிருந்து அறைவது. கதவு வேண்டுமென்றால் 40, அப்போது மூன்று பட்டைகள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் லாபமில்லை.

உயரத்தில் ஒரு பெட்டியின்மேல் பத்துப் பெட்டி அடுக்கும் தாராளம் வேண்டாம். அடிப்பெட்டியின் மூலை பிளந்துவிடும்; அதுமட்டுமல்ல, எப்போதும் அடியில் இருப்பதைத்தான் ஆட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். இரண்டு மூன்று பெட்டிக்கு ஒரு தட்டு என்று நெருக்கமாக வையுங்கள். பக்கப் பலகையில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, அதில் ஊசிகளைச் செருகித் தட்டை நிறுத்துவது அலமாரித் தொழிலில் நிலைத்துவிட்ட முறை. பெட்டிகள் மாற மாறத் தட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

தட்டின் நீளம்தான் முக்கியம். ஒரே சீராகச் சுமை ஏற்றிய தட்டின் தொய்வு, நீளத்தின் நான்காம் மடியில் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: 80 செ.மீ. தட்டை 60 ஆகக் குறைத்தால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 18 மி.மீ. பிளைவுட்டில் கனமான பெட்டிகளுக்கும் புத்தகங்களுக்கும் 60 முதல் 70 செ.மீ. வரை நிம்மதியாகப் போகலாம். அகலமான தோற்றம் வேண்டும் என்று அடம்பிடித்தால், தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயர மரப்பட்டையை, மேல்மட்டம் சமமாக வருமாறு ஒட்டிவிடுங்கள். விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். பிளைவுட்டின் வெட்டுமுகமும் மறையும். என்னைக் கேட்டால் அலமாரி வேலையில் மிகக் குறைந்த உழைப்புக்கு மிக அதிகப் பலன் தருவது இந்தப் பட்டைதான்.

பெட்டியைப் பூட்டும்போது மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணம். ஒன்று 4 மி.மீ. நீளமாக இருந்தால், நீளமான மூலைகளில் கிளாம்பு போட்டு மெல்ல இறுக்குங்கள். பசை காயும் முன் அது வழிக்கு வரும். முதுகுப் பலகையை அறைந்த பிறகு அசையாது.

சுவர் நேராக இருப்பதில்லை

என் முதல் சுவர் அலமாரி எழுந்து நிற்க மறுத்தது. அறையின் உயரம் 245 செ.மீ. நான் செய்தது 240 உயரம், 60 ஆழம். ஐந்து செ.மீ. மிச்சம் விட்டோமே என்ற பெருமிதத்தில், தரையில் படுக்க வைத்துப் பூட்டிமுடித்துத் தூக்கினோம். பாதி எழுந்ததும் மேல்மூலை கூரையில் முட்டி நின்றது. படுத்திருக்கும் பெட்டி எழும்போது அதன் உயரம் அல்ல, பக்கவாட்டு மூலைவிட்டம்தான் கூரையைக் கடக்க வேண்டும். 240க்கும் 60க்கும் அது 247 செ.மீ.க்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்தில் படித்த பிதகோரஸ் தேற்றம் அன்றைக்குத்தான் புரிந்தது. மறுபடி பிரித்தோம்.

அதற்கான தீர்வே, தற்செயலாக, சுவர் அலமாரியின் முதல் பாடமும்கூட: அடிப்பீடத்தைத் தனியாகச் செய்யுங்கள். 10 செ.மீ. உயரப் பீடம் ஒன்றை முதலில் இடத்தில் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை தாழ்ந்த இடங்களில் மெல்லிய ஆப்புகளைச் செருகி மட்டமாக்குங்கள். பிறகு அதன்மேல் 230 செ.மீ. பெட்டியை ஏற்றலாம். அதன் மூலைவிட்டம் 238தான். தரையிலேயே நிமிர்த்திவிட்டுப் பீடத்தின்மேல் தூக்கி வைக்கலாம். தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் பஞ்சாயத்து பீடத்தோடு முடிந்துவிடும். மேலே வரும் பெட்டிகளெல்லாம் செங்கோணத்தில் நிம்மதியாக நிற்கும்.

பக்கச் சுவருக்கும் இதே தந்திரம். சுவரிலிருந்து சுவர்வரை அளந்து அதே அளவுக்குப் பெட்டி செய்தால் உள்ளே போகாது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், மூன்றும் வேறாக இருக்கும். இருப்பதில் சிறிய அளவிலிருந்து பக்கத்துக்கு 3 முதல் 5 செ.மீ. குறைத்துப் பெட்டியைச் செய்துவிட்டு, அந்த இடைவெளியை நிரப்புப் பட்டையால் மூடுவதுதான் முறை.

அந்தப் பட்டையைச் சுவரின் நெளிவுக்கு ஏற்ப இழைப்பதில்தான் சுவர் அலமாரியின் அழகெல்லாம் இருக்கிறது. இடைவெளியைவிட அகலமான பட்டையை எடுத்து, தூக்குக்குண்டின் நேர்க்கோட்டில், சுவரைத் தொடும்படி நிறுத்துங்கள். மேலே தொடும், நடுவே விலகும், கீழே மறுபடி தொடும். விலகல் அதிகமாக உள்ள இடத்தின் அளவுக்குக் கவராயத்தைத் திறந்து, ஊசிமுனையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பென்சில் முனை பட்டைமேல் படுமாறு மேலிருந்து கீழே இழுங்கள். கவராயம் கடைசிவரை கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பட்டையில் கோடாக இறங்கிவிடும். அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே ஜிக்சா ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை இழைப்புளியால் சீவுங்கள்; பின்பக்கம் சற்றுச் சாய்வாகச் சீவினால் முன்விளிம்பு மட்டும் சுவரில் பதியும். இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒரு சீவல் என்று வைத்து வைத்துப் பார்க்க வேண்டும். கடைசிச் சீவலில் பட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, பார்ப்பவர்கள் ‘சுவர் எவ்வளவு நேராக இருக்கிறது’ என்பார்கள்.

சில விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உயர அலமாரியை மேலே பின்சட்டத்தின் வழியாகச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். குழந்தைகள் தட்டுகளை ஏணியாக நினைப்பார்கள், அலமாரி முன்பக்கமாகச் சாயும். செங்கல் சுவரில் பிளக் அடித்துத் திருக வேண்டும். உள்ளீடற்ற சுவரில் உள்ளே ஓடும் சட்டத்தைத் தேடிப் பிடித்துத் திருக வேண்டும். மின்சார இணைப்புப் பெட்டியை முதுகுப் பலகைக்குப் பின்னால் புதைத்துவிடாதீர்கள். திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும். வெளிச்சுவரில் ஈரக்கசிவு இருந்தால் அலமாரி செய்வதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். அலமாரி அதை மறைக்கும், தீர்க்காது. ஜன்னலடி இருக்கையின் உயரம் மெத்தையோடு சேர்த்து 45 செ.மீ.; அதன் மூடிக்கு மெல்ல இறங்கும் தாங்கி கட்டாயம் வேண்டும். விரல் நசுங்குவது ஒரு கணத்தில் நடந்துவிடும்.

வீடியோ கேம் கருவிகளுக்கு அலமாரி செய்பவர்கள் ஒன்றை மறப்பார்கள்: அவை சூடாகும். ஆட்டத்தின் நடுவில் 150, 200 வாட்வரை மின்சாரம் இழுக்கும் கருவியை மூடிய பெட்டியில் வைப்பது, உள்ளே விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல. முதுகுப் பலகையில் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. சூடான காற்று தானே மேலேறி வெளியே போகும். கதவு வேண்டுமென்றால் இடைவெளி விட்டுப் பட்டைகள் அடித்த கதவு நல்லது. காற்றும் போகும், ரிமோட்டின் கதிரும் உள்ளே நுழையும்.

மெருகு

விளையாட்டு மேசைக்குப் பளபளப்பு எதிரி. விளக்கு வெளிச்சம் தளத்தில் பட்டுக் கண்ணில் அடிக்கும். மங்கலான பாலியூரித்தேன் பூச்சு தண்ணீரையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும். எண்ணெயும் மெழுகும் பூசிய மேசையின் தொடுசுகம் தனி. கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிவிடலாம், ஆனால் ஈரக் கோப்பையைப் பொறுக்காது. ஷெல்லாக் என்னும் அரக்கு மெருகு பாரம்பரியமானது, அழகானது. ஈரம் பட்டால் வெள்ளை வளையம் விழும், சாராயத்தில் கரைந்தே போகும். கேளிக்கை நடக்கும் மேசைக்கு அது வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூட்டைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகரப் பெட்டியில் போட வேண்டும்.

இன்னொன்று, பொறுமை. பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். முழுதாக இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். என் குழிவு மேசையின் அடித்தளத்துக்கு மூன்று பூச்சுப் பூசி, மூன்றாம் நாளே ரப்பர் விரிப்பைப் போட்டு அன்றிரவே ஆட உட்கார்ந்தோம். சில மாதம் கழித்து விரிப்பைக் கழுவ எடுத்தபோது அது ஓரங்களில் பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் அடிப்பக்கத்து வலைக்கோடுகள் பூச்சில் அச்சாகப் பதிந்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பூசினால் போய்விடும். இன்னும் தேய்க்கவில்லை. விரிப்பைப் போட்டுவிட்டால் தெரியாது.